துவக்கு தந்தவர்களின் கணக்கு வேறு



ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் ஷுஹதாக்கள் தினம் நெருங்கும்போது நம்மட தம்பிமார் சிலர் தவறாமல் ஒரு வசனத்தைப் பதிவிடுகிறார்கள்: "அன்று நம்ம ஊரெல்லாம் துவக்கு இருந்திருந்தால்..." கோபம் எனக்கு விளங்குகிறது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிகளில் இஷா தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரும் விரட்டப்பட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவர் துவக்கை நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்? இரவிரவாகப் பனியில் காவல் நின்ற ஊர்காவல் படை வாப்பாமாரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் விழித்திருந்ததால்தான் பலர் தூங்கினார்கள்.

நான் பேச விரும்புவது துவக்கைக் கொடுத்தவர்களின் கணக்கைப் பற்றி.

ஊர்காவல் படை என்பது 1990 இல் நமக்காக யோசித்த ஏற்பாடு அல்ல. அதற்கான சட்டம் 1985 இல் வந்தது. அதே 1985 இல்தான் துருக்கியும் குர்திஷ் கிராமங்களில் சம்பளம் கொடுத்துக் கிராமக் காவலர்களை அமர்த்தச் சட்டம் திருத்தியது. அதற்கு முன்னர் அல்ஜீரியாவில் பிரான்ஸ் இதையே செய்திருந்தது. ஹர்கி என்று அழைக்கப்பட்ட அந்தத் துணைப்படையினரும் நம்மைப்போல் கலிமா சொன்னவர்கள்தான்.

கெரில்லாவுக்கு எதிரான போரில் இராணுவத்துக்குள்ள பெரிய குறை, அது வெளியாள் என்பது. எந்த ஒழுங்கை எங்கே போகும், யார் வீட்டுக்கு நேற்று யார் வந்தது என்பது ஊரானுக்கு மட்டும்தான் தெரியும். ஊரானை அமர்த்தினால் செலவு குறைவு, பயிற்சி சில கிழமைகள் போதும், முகாமில் முடங்கிக் கிடக்கும் சிப்பாய்களைத் தாக்குதலுக்கு அனுப்பலாம். இவ்வளவும் வெளியில் சொல்லப்படும் காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஓர் ஊர் துவக்கை வாங்கிவிட்டால், அந்த ஊர் இனி நடுவில் நிற்க முடியாது. பக்கத்து ஊருடன் பழைய உறவுக்குத் திரும்பவும் முடியாது. திட்டம் போடுபவருக்கு அது இலாபம். நமக்கு?

துருக்கியில் காவலராக மறுத்த கிராமங்கள் பல காலி செய்யப்பட்டு எரிக்கப்பட்டன. சம்மதித்த கிராமங்களைக் கிளர்ச்சியாளர் தேடி வந்தார்கள். 1987 ஜூனில் பினார்ஜிக் என்ற கிராமத்தில் கொல்லப்பட்ட 30 பேரில் 16 பேர் பிள்ளைகள்.

ஹர்கிகளின் கதை இன்னும் மோசம். 1962 மார்ச்சில் யுத்தநிறுத்தம் வந்ததும் பிரெஞ்சு இராணுவம் அவர்களிடமிருந்து ஆயுதத்தைக் களைந்தது. அவர்களைப் பிரான்ஸுக்கு அழைத்து வரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு. சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சொந்த நாட்டவர் கையால் மௌத்தானார்கள். எப்படியோ தப்பிப் போனவர்களைப் பிரான்ஸ் முட்கம்பி முகாம்களில் வைத்தது. ஜனாதிபதி ஒருவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க 2021 வரை எடுத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1992 ஏப்ரல் 29 இல் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் ஐம்பதுக்கும் அதிகமான முஸ்லிம்களைக் கொன்றார்கள். உடனேயே அயலில் இருந்த முத்துக்கல், கரப்பொல தமிழ்க் கிராமங்களில் பழிவாங்கல் நடந்தது. அங்கேயும் பெண்கள், குழந்தைகள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கை இருந்தது என்பது பதிவாகியிருக்கிறது. இதைச் சொன்னால் எனக்குக் கொமெண்டில் ஏச்சு விழும், பரவாயில்லை. அழிஞ்சிப்பொத்தானையை மட்டும் சொல்லி முத்துக்கல்லை விடுவது வரலாறு அல்ல. அந்த இரண்டாவது கொலையால் நம்ம ஊர் எதுவும் பாதுகாப்பாகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் வயலுக்குப் போனவரிடமும் விறகுக்குப் போனவரிடமும் கேளுங்கள்.

"துவக்கு இருந்திருந்தால்" என்கிற தம்பி, துவக்கு இருந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். யார் கட்டளையிட்டது, தோட்டாவுக்கு யார் கணக்கு வைத்தது, சண்டை முடிந்த பிறகு யார் திரும்பிப் பார்த்தது என்பதையும் சேர்த்து.

ஒரு வேலை தருகிறேன், வாத்தியார் புத்தி போகாது. உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ ஊர்காவலில் நின்றிருந்தால் இந்த லீவில் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த வருடம் சேர்ந்தார், எந்தச் சந்தியில் நின்றார், என்ன சம்பளம், துவக்கை யாரிடம் திருப்பிக் கொடுத்தார், அன்றிரவு பயந்தாரா. பலருக்கு வயதாகிவிட்டது. எழுதியதைப் பொதுவில் போட விரும்பாதவர்கள் எனக்கு இன்பொக்ஸில் அனுப்பலாம், பெயர் வெளியே வராது.