மூச்சை அளக்கும் பணம்

மூச்சை உள்ளிழுத்து வெளிவிட எவரும் எவரிடத்தும் அனுமதி பெறுவதில்லை. அங்ஙனமிருக்க, அதனை ஆராய்வதற்குப் பொதுமக்கள் பணத்தைக் கொடுக்கவேண்டுமா என்று நகைப்போர் நம்மிடையே உண்டு. கோயிலிலே கண்மூடி இருப்பதற்கு விஞ்ஞானியின் சான்றிதழ் எதற்கு என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானதே, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

வைக்கோல் கடதாசியாகும் என்பதை எவரும் வாய்ச்சொல்லால் மெய்ப்பிக்க இயலாது. கூழாக்கிப் பார்த்தே அறியவேண்டும். 1956ஆம் ஆண்டு முதல் ஆலையின் அருகே வாழ்ந்த வாழைச்சேனை மக்களுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகளின் நிலையும் அதுவே. அவை நன்மை தருமெனின் எவருக்கு, எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதைச் சோதித்தே சொல்லவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. தியானம், மூச்சுப்பயிற்சி, செபம், திக்ர் ஆகியவற்றை ஆராய அரசின் ஆராய்ச்சி மானியம் கொடுக்கப்படட்டும். ஆனால் அப்பணம் துன்பம் நேர்ந்த மாவட்டத்திலே, துன்பப்பட்டவர் பேசும் மொழியிலே, "பயனில்லை" என்ற விடை வந்தாலும் அதனை அச்சிடும் உறுதியோடு செலவிடப்படவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அப்பணம் ஆற்றிலே கரைத்த புளியே.

நேர்மையான ஆராய்ச்சி எத்தகையது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உளது. 1935ஆம் ஆண்டு தெரேஸ் புரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். யோகிகள் தம் இதயத்தை நிறுத்தவல்லவர் என்ற கதை அதன் பின் உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பக்சியும், புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் ஆனந்தும் அதனை மீண்டும் சோதித்து, 1961ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நாடித்துடிப்பு கைக்கு அகப்படாமற் போனது உண்மை. மூச்சை அடக்கித் தசைகளை இறுக்குவதால் அங்ஙனம் நேர்கின்றது, இதயமோ நிற்கவில்லை. பெருமை பேசுவோருக்கு இது கசந்திருக்கும். எனினும் அதே நிறுவனத்தில் ஆனந்தும் அவருடன் சேர்ந்தோரும் தியானத்தின்போது மூளையின் மின்னலைகள் மாறுவதைப் பதிந்ததும் அதே 1961 இலேதான். கட்டுக்கதையை உடைத்த கருவியே மெய்யையும் காட்டிற்று.

பின்வந்த ஆண்டுகளில் பணம் பெருகிற்று; தரம் பெருகிற்றா? அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சிப் பிரிவு 813 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அவற்றுட் பெரும்பாலானவை குறைபாடுடையவை, அவற்றைக்கொண்டு உறுதியான முடிவு கூறவியலாது என்று 2007 இல் அறிவித்தது. 2014 இல் 47 பரிசோதனைகளை மட்டும் தெரிந்தெடுத்து, 3515 பேரின் விபரங்களைப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றுக்கு ஓரளவு பயன் உண்டெனக் கண்டனர். மருந்தைவிடவோ உடற்பயிற்சியைவிடவோ மேலானதென்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் வெல்கம் அறநிதியத்தின் பணத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு 2022 இல் வந்தது. பாடசாலைகளில் மனக்கவனப் பயிற்சி கற்பித்ததால், வழமையான கற்பித்தலைவிட மாணவரின் மனநலம் மேம்படவில்லை என்பதே அது. இங்ஙனம் "இல்லை" என்று துணிந்து சொன்ன ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் வீண்பணமன்று. பயனற்ற ஒன்றை ஆயிரம் பாடசாலைகளில் நடத்தியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்!

இந்தியாவில் 2015 இல் யோகத்தையும் தியானத்தையும் ஆராயவென்றே மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் திணைக்களம் "சத்யம்" என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் நல்ல பெயர். ஆயினும் 2021 இல் அதே திணைக்களத்தின் பணத்தில் ரிஷிகேசில் கொரோனா நோயாளர் இருபது பேரைக்கொண்டு காயத்திரி மந்திரத்தைச் சோதிக்க முனைந்ததை நாம் மறக்கவில்லை. இருபது பேரைக்கொண்டு எதனை மெய்ப்பிப்பது? முன்னோர் புகழ்பாட வேறு மேடைகள் உள. ஆராய்ச்சி மானியம் அதற்கானதன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கல்குடாக் கரையையும் வாரிச்சென்றது. அதற்கு அடுத்த சில வாரங்களில், போரையும் கடலையும் ஒருங்கே கண்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு முதல் பதினான்கு வயதான அப்பிள்ளைகளைச் சீட்டுக்குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நடந்ததைக் கோவையாகச் சொல்லிச் சொல்லி ஆறினர். மறு பிரிவினர் தியானமும் தளர்வுப்பயிற்சியும் கற்றனர். கற்பித்தோர் பயிற்சிபெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரே. இரு பிரிவுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் முதற்பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், தியானப் பிரிவில் 71 பேரும் தேறியிருந்தனர். 2009 இல் வெளியான இம்முடிவைப் படிக்கையில் உள்ளம் நெகிழ்கின்றது. ஆனால் எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாம் பிரிவு ஒன்று அங்கு இல்லை. காலம் ஆற்றியது எவ்வளவு, பயிற்சி ஆற்றியது எவ்வளவு எனப் பிரித்தறிய வழியில்லை. ஆய்வை நடத்தினோரைக் குறைகூறுவதற்கில்லை. கூடாரத்தில் அழும் பிள்ளையை ஒப்பீட்டுக்காகக் காத்திரு என்று எவர் சொல்வார்? நம் வினா வேறு. அந்தச் சிறு விதையைப் பெரிய வயலிலே விதைத்துப் பார்க்க இந்நாட்டின் கருவூலத்தில் பணம் இல்லையா?

விதைப்பதற்கு அறிவும் இங்கேயே உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இந்துக்களுக்குச் செபம், இசுலாமியருக்குத் திக்ர், கிறித்தவருக்குச் செபமாலை, பௌத்தருக்கு ஆனாபானசதி என அவரவர் மரபிலிருந்தே தளர்வுப்பயிற்சியை எடுத்தாளலாம் என்று எழுதியும் செய்தும் காட்டினார். கோயில்மணியும் பாங்கொலியும் ஒரே காற்றில் வந்துசேரும் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் இதனினும் பொருத்தமான வழி யாது? அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கின்றது. விபாசனையை ஆராய்வதில் நமக்கு மனக்கசப்பு இல்லை, தாராளமாக ஆராயட்டும். விபாசனை மட்டுமே தியானம் என்று மானியக்குழு முடிவுசெய்யுமாயின், அங்கேதான் நம் எதிர்ப்பு.

மொழியைப்பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். மனத்துயரை அளக்கும் வினாக்கொத்துக்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திற் பிறந்தவை. "நீர் மனச்சோர்வுற்றுள்ளீரா?" என்று கிரானிலுள்ள கமக்காரரிடம் வினவினால் அவர் "இல்லை" என்பார். அதே மனிதர் மாலையில் திண்ணையில் அமர்ந்து, "தலைக்குள்ள ஒரே யோசினையாக் கிடக்கு, நித்திரை இல்ல" என்பார். "யோசினை" என்ற அந்தச் சொல்லின் பாரத்தை அறியாத வினாக்கொத்து எதனை அளக்கும்? அதனைச் செவ்வனே தமிழாக்கிச் சரிபார்ப்பதற்கே ஒரு மானியம் வேண்டும். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் தெருவில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. மாவட்டத்தில் மருத்துவபீடமும் உண்டு. இலண்டனில் விஞ்ஞானப் பட்டம் பெற்றுத் துறவியாகி, யாழின் சுரங்களைக் கணக்கிட்டு 1947 இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் நிலம் இது. காவியுடையும் கணிதமும் இங்கு பகையாக இருந்ததில்லை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகின்றோம். பாசிக்குடா விடுதிகளுக்கு விளம்பரவாசகம் எழுத இவ்வாராய்ச்சி பயன்படலாகாது. மேலும், நுண்கடன் வாரத்தவணைக்காக வாசலிலே ஆள் நிற்கும்போது, அத்தாயைப் பார்த்து மூச்சை எண்ணு என்பது கொடுமை. இந்நாட்டிலே தற்கொலைகள் 1995க்குப் பின் வெகுவாகக் குறைந்தமைக்குப் பெருங்காரணம் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தமையே என்று ஆராய்ச்சியாளர் காட்டினர். தீர்வு கிடைத்தது கண்ணை மூடியதாலன்று, போத்தலை அகற்றியதால்.

தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் மானியம் வழங்கும் நிறுவனங்கள். அவற்றின் முன் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. வாழைச்சேனைப் பகுதியில் நித்திரையின்றித் தவிக்கும் கமக்காரர், மீனவர், கணவரை இழந்த பெண்கள் ஆகியோருள் விரும்பியோரைச் சேர்த்துக் குலுக்கல்முறையில் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் மரபின் பயிற்சி; ஒரு பிரிவுக்கு அதே அளவு நேரம் கூடிப்பேசும் வாய்ப்பு; ஒரு பிரிவுக்கு வழமையான வைத்தியசாலைக் கவனிப்பு. மூன்றாம் பிரிவினருக்கு ஆய்வு முடிந்தபின் பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள். பெரும்போக விதைப்பு ஓய்ந்ததும் தொடங்கினால், அடுத்த சிறுபோக வெட்டு முடியுமுன் கணக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கைக் கொழும்பு மண்டபத்தில் வாசிப்பதற்கு முன், பங்குபற்றியோரை அழைத்து, அவர்கள் ஊரிலேயே தமிழில் வாசியுங்கள்.