உட்பகையும் வல்லரசும்

பிளவுபட்ட நாட்டிற் போர் மூளுங்கால், அதற்குக் காரணர் வல்லரசுகளே எனக் கூறி அமைதல் பலர்க்கும் வழக்கமாயிற்று. பழியைக் கடல்கடந்தார்மேல் ஏற்றிவிடின், வீட்டிலுள்ளார் எளிதில் தப்புவர். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை 1971ஆம் ஆண்டின் வங்கப் போரை வைத்து ஈண்டு ஆராய்வோமாக.

1947-ல் தோன்றிய பாக்கிஸ்தான் பிறப்பிலேயே இரு துண்டாயிருந்தது. கிழக்கிற்கும் மேற்கிற்கும் இடையே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் கிடந்தது. ஆயினும் மனங்களைப் பிரித்தது நிலமன்று, ஆண்டோர் நடத்தையே. மக்கட்டொகையில் மிக்கவர் கிழக்கு வங்காளியர். ஆட்சியும் படையும் மேற்கினர் கையில் இருந்தன. உருதுவே அரசமொழி என 1948-ல் ஜின்னா டாக்கா நகரில் அறிவித்தார். 1952 பிப்ரவரி 21-ல் தாய்மொழிக்கு உரிமை வேண்டிய மாணவர் அந்நகரிலேயே சுடப்பட்டு மாய்ந்தனர். 1956-ல் வங்காளமும் அரசமொழியாயிற்று. எனினும் புண் ஆறிற்றில்லை. என்னை? கிழக்கின் சணல் ஈட்டிய பொருளிற் பெரும்பங்கு மேற்கிற் செலவாயிற்று. 1970 நவம்பரிற் பெரும்புயல் இலக்கக்கணக்கான உயிர்களை வாரிச் சென்றபோது அரசின் உதவி காலந்தாழ்ந்தே வந்தது. அடுத்த திங்கள் நிகழ்ந்த தேர்தலிற் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளுள் 160-ஐ முஜிபுர் ரகுமானின் அவாமிக் கட்சி வென்றது. நாடு முழுமைக்கும் அதுவே பெரும்பான்மை. யாகியா கானோ பேரவையைக் கூட்டாது ஒத்திவைத்து, 1971 மார்ச்சு 25-ஆம் நாள் இரவிற் படையை ஏவினார். ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவிற் புகலடைந்தனர்.

நிற்க. வல்லரசுகள் பழியற்றனவோ எனின், அல்ல. பாக்கிஸ்தான் படையின் கருவிகளிற் பல அமெரிக்கா தந்தவை. சீனத்தோடு உறவு தேடிய நிக்சன், அதற்குத் தூதுவழியாயிருந்த யாகியாவைக் கடிந்தாரல்லர். இந்தியாவும் முக்தி வாகினியர்க்குப் பயிற்சி அளித்தது; ஆகஸ்டு 9-ல் சோவியத்து நாட்டோடு உடன்படிக்கை செய்தது. டிசம்பர் 3-ல் பாக்கிஸ்தான் விமானங்கள் தாக்கப் போர் வெளிப்பட்டது. போர்நிறுத்தத் தீர்மானங்களைப் பாதுகாப்பு அவையிற் சோவியத்து தடுத்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் கப்பல், நம் கடலூர்க் கரையை அலைக்கும் அதே வங்கக் கடலினுட் புகுந்தது. டிசம்பர் 16-ல் டாக்காவிற் படை சரணடைந்தமையால் பெருந்தீங்கு ஒன்று விலகிற்று.

இனி, எம்மூராகிய நெய்வேலியை நோக்குமின். மண்ணகழும் மாபெருஞ் சக்கரப் பொறிகள் மேற்குச் செருமனியிலிருந்து வந்தன; 1962-ல் மின்னாக்கத் தொடங்கிய அனல்நிலையம் சோவியத்து உதவியால் எழுந்தது. செருமனியைப் பிளந்து எதிரெதிர் நின்ற அணிகள் இரண்டும், ஈங்கு ஒரே கரியை ஒன்று தோண்டவும் ஒன்று எரிக்கவும் துணைநின்றன. ஆதலின் வல்லரசுப் போட்டி நுழைந்த இடமெல்லாம் போர் நுழையும் என்பது பொருந்தாது.

அக்கரியே மற்றோர் உண்மையையும் உணர்த்தும். பழுப்பு நிலக்கரியைத் தோண்டி வெளியிற் குவித்து வாளா விடின், எவரும் தீயிடாமலே அஃது உள்ளே வெம்மையேறித் தானே பற்றிக்கொள்ளும். காற்று அதனை வளர்க்கும். வெம்மையை உரிய காலத்தில் தணியாதவர், எரிந்தபின் காற்றை நோதல் யாது பயன்? உட்பகைக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர் இந்நுட்பம் அறிந்தவரே.

கொரியாவை 1945-ல் 38-ஆம் அகலக்கோட்டிற் பிளந்தவர் வல்லரசினர் அன்றோ என வினவலாம். உண்மையே, ஆண்டு அவர் பழி மிகப் பெரிது. ஆயினும் 1950-ல் பெரும்போர் எழுமுன்னரே அந்நாட்டார் தம்முட் குருதி சிந்தினர். கோட்டைப் பிறர் இழுத்தனர்; அதன் இருபுறமும் நின்று, மற்றவரை ஒழித்தே நாட்டை ஒன்றாக்குவோம் என்றவர் உடன்பிறந்தாரே.

தோழர்காள்! வல்லரசுகளின் மனத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. அயலான் மொழியை மதித்தலும், வாக்கால் வென்றானுக்கு வழிவிடுதலும், துயருற்ற பகுதிக்குக் காலத்தில் உதவுதலும் நம் கையில் உள்ளன. இவற்றைச் செய்யும் நாட்டில் வெளியார் ஊதும் காற்று வெறுங் காற்றாய்க் கழியும். செய்யாத நாட்டில் அதுவே ஊழித்தீயாகும்.