விடியும்வரை நாடகம் நடக்கட்டும்

ஏலக்காய்ப் பறிப்பு ஓய்ந்து, விடியற்காலையில் மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பேறிப் போகும் கூட்டம் சற்றுக் குறைந்து, பங்குனி வெயில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தைச் சுடத் தொடங்கும் பருவத்தில்தான், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, போடிநாயக்கனூர், சின்னமனூர் வட்டாரத்து அம்மன் கோயில்களில் காப்புக் கட்டுவதும், முளைப்பாரி வளர்ப்பதும், திருவிழாக் கமிட்டியார் கூடி எந்த நாளுக்கு எந்த நிகழ்ச்சி என்று தீர்மானிப்பதும் நடைபெறுகின்றன. நம் தாத்தாமார் காலத்தில் அந்தத் தீர்மானத்தின் முதல் வரியில் நின்ற ‘வள்ளி திருமணம்’ நாடகம், இன்று பல ஊர்களில் கடைசி வரிக்கு இறங்கிவிட்டது. சில ஊர்களில் தீர்மானத்தை விட்டே நீங்கிவிட்டது. அதற்குரிய இரவை ஆடல் பாடல் நிகழ்ச்சியும் திரைப்பாட்டுக் கச்சேரியும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. காலத்தின் போக்கை யாரால் தடுக்க முடியும் என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. அந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. ஸ்பெஷல் நாடகம் நம் வட்டாரத்தில் தொடர்ந்து நடக்க வேண்டும், அதுவும் விடியும்வரை முழுமையாக நடக்க வேண்டும், ஜனங்கள் குடும்பத்தோடு போய் அமர்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்பதே நம் கட்சி.

கம்பெனி நாடகம் என்றால் அதற்கு ஒரு முதலாளியும், மாதச் சம்பளமும், பல நாள் ஒத்திகையும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இவற்றுள் ஒன்றுமில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரும் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் தனித்தனியே அச்சாரம் பெற்று வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி அரிதாரம் பூசும் வேளையில்தான் அன்றைக்குத் தம்மோடு நடிப்பவர் இன்னாரென்று முகம் பார்த்து அறிகிறார்கள். அப்படியிருந்தும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, பபூனும் டான்ஸும் முதலில் வந்து கூட்டத்தைக் கட்டி உட்காரவைக்க, நள்ளிரவுக்கு மேல் தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் தொடங்கி, வேடனாகவும் விருத்தனாகவும் வந்து நிற்கும் முருகனோடு அந்தத் தர்க்கம் வளர்ந்து, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கல்யாணத்தில் முடிவது வரை ஓரிடத்திலும் இடறாமல் அந்த நாடகம் நடந்தேறுகிறது. ஒத்திகையின்றி இது சாத்தியமாவதற்குக் காரணம், எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடம் மனப்பாடமாக இருப்பதும், அந்தப் பாடத்துக்கு வெளியே ஒருவர் எடுத்துப்போட்ட கேள்விக்கு அந்தக் கணத்திலேயே பதில் சொல்லும் தமிழ் அவர்கள் நாவில் இருப்பதுமேயாகும். எதிர்ப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டும், எதுகைக்கு எதுகையும், புராணத்துக்குப் புராணமும் சொல்லி மடக்கும் அந்தத் தர்க்கத்தைப் பள்ளிக்கூடம் போகாத ஒரு தோட்டத் தொழிலாளி தலையசைத்து ரசிப்பதைப் பார்த்தவர்கள், எழுத்தறிவு வேறு, தமிழறிவு வேறு என்பதை உணர்ந்திருப்பார்கள்.

அந்தப் பாடத்தை ஆக்கித் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களுக்கு நாடகம் பயிற்றி, 1922-இல் புதுச்சேரியில் மறைந்த அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், நல்லதங்காள் முதலாக நாம் இன்றும் நோட்டீஸில் காணும் பெயர்களை மேடைக்கு அளித்தவர். நளன் கதையில் சனீஸ்வரனாக வேடமிட்டிருந்த சுவாமிகள் விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பவதி ஒருத்தி உயிர்நீத்தாள் என்றும், அந்த மனவேதனையால் அவர் நடிப்பதையே விட்டு ஆசிரியரானார் என்றும் நாடகக்காரர்களிடையே ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனைத் தொழுது வரும் நம் பக்கத்து மக்களுக்கு அந்தப் பெண்ணின் அச்சம் எளிதில் விளங்கும். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை வசனமும் பாட்டுமாக ஒரே இரவில் எழுதி முடித்தவர் அவர் என்று, அவருடைய மாணவரான அவ்வை தி.க.சண்முகம் பதிவுசெய்திருக்கிறார். ஓர் இரவில் எழுதி முடிக்கக்கூடிய நாடகத்தை ஓர் இரவு முழுவதும் இருந்து பார்க்க நமக்குப் பொறுமையில்லை என்று சொல்வது நியாயமாகாது.

நம் மண்ணுக்கும் மேடைக்கும் உள்ள சம்பந்தத்தை நினைத்துப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேவாரத்துக்கு அடுத்த பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன், தம் தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு, ஆர்மோனியமும் குரலுமே மூலதனமாக ஊர் ஊராய்ப் பாடிப் போனவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைமேல் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாடிய பாட்டுக்கள் அரசியல் சரித்திரத்தில் இடம்பெற்றவை. அந்த மேடைகளில் பதினான்கு வயதில் உடன் சென்ற தம்பிதான் பிற்காலத்தில் இளையராஜா என்று உலகறியப் பெயர் பெற்றார். தேனி அல்லிநகரத்தில் ஊர்த் திருவிழாக்களுக்கு நாடகம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் பாரதிராஜாவாகத் திரைக்குப் போனார். இவர்களுடைய திரைப்படங்களை ஆயிரம் முறை பார்க்கச் சித்தமாயிருக்கும் நாம், இவர்களுக்குக் கையும் நாவும் பழகித் தந்த திருவிழா மேடை வெறிச்சிடுவதைக் கண்டும் சும்மாயிருக்கிறோம். இன்னொரு சிறுவன் எந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கலையைக் கண்டுகொள்வான்? கைப்பேசித் திரையில் அவன் பார்ப்பது எங்கோ முடிந்துபோன நடிப்பு. அவன் சிரித்தாலும் அழுதாலும் அந்த நடிப்பு மாறப்போவதில்லை. நாடக மேடையிலோ, முன்வரிசைப் பாட்டி ஒருத்தி ‘அதெப்படிச் சொல்லலாம்’ என்று முணுமுணுத்தால், நாரதர் அதைக் காதில் வாங்கி அடுத்த வாக்கியத்திலேயே அவளுக்குப் பதில் சொல்லுகிறார். பார்ப்பவர் இல்லாமல் பாதி நாடகமே நிற்கிறது என்பது மிகையன்று. ஆகையால்தான், கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர் எதிரில் போய் உட்காருவதைப் பெரிய உபகாரமாக நாம் கருதுகிறோம்.

பார்வையாளரின் இந்தப் பலத்தைச் சுதந்தரப் போராட்டக் காலம் கண்கூடாகக் காட்டியது. முருக வேடத்திலும் கோவலன் வேடத்திலும் தேசபக்திப் பாட்டுக்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற தியாகி விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் முருகன் கோலத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். கிராமத்து ஜனங்கள் திரண்டு அமர்ந்திருந்த இரவுகள்தாம் அந்தப் பாட்டுக்களுக்கு வலிமை தந்தன. வெறும் மேடையை அஞ்சி எந்த அரசாங்கமும் ஒரு நடிகரைக் கைதுசெய்வதில்லை.

இனி, நாடகத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியும் வாத்தியமும் திறந்தவெளியில் ஒலிக்கக் கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு விரும்பினால், ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு வரை தளர்த்தலாம். நாடகம் தொடங்கும் மணிக்கே விதி தொடங்கிவிடுவதால், அனுமதி கேட்டுப் போகும் கமிட்டியாருக்கு அலைச்சல் மிஞ்சுகிறது. ‘ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்’ என்ற யோசனையும் கிடைக்கிறது. அந்த யோசனை நாடகத்தின் இயல்பை அறியாதது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, குளித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறிட்டுப் படுக்க வைக்கும் ஒரு பெண்ணுக்குப் பத்து மணிதான் ஓய்வின் ஆரம்பம். பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்களுக்கு விடியும்வரை திரும்பிப்போக வழியில்லாதிருந்தது. உழைப்பவர்களின் நேரத்தை அனுசரித்தே அந்த இரவு அமைந்தது. மூன்று மணி நேரத்துக்குள் வள்ளி திருமணத்தை அடக்கினால், பபூனின் வேடிக்கை மிஞ்சும், தர்க்கம் போய்விடும்.

ஆனால் விதியை மீறும்படி நாம் எவரையும் தூண்டவில்லை. நோயாளியின் உறக்கமும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் அமைதியும் மதிக்கத்தக்கவை. தெருவுக்குத் தெரு கூம்பு ஒலிபெருக்கி கட்டி ஊரையே அதிரவைப்பது எந்தக் கலைக்கும் பெருமை தருவதன்று. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசை வரை கேட்கப் பாடினவர்கள். நாம் சுட்டிக்காட்ட விரும்புவது, அதே விதிகளிலேயே இருக்கும் ஒரு வழியை. அரங்கங்கள், சமுதாயக் கூடங்கள் போன்ற மூடிய கட்டடங்களுக்குள், உள்ளே இருப்பவர்கள் கேட்கும் அளவுக்கு, இரவிலும் ஒலி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சமுதாயக் கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. அம்மன் சந்நிதிக்கு எதிரில் மேடை போடுவதே சம்பிரதாயம் என்பதை நாம் அறிவோம். சந்நிதியில் காப்பு விளக்கேற்றிக் கடவுள் வாழ்த்துப் பாடிவிட்டு, நாடகத்தைக் கூரைக்கடியில் நடத்துவதால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோயிலுக்கு எதிரிலேதான் நடத்த வேண்டும் என்று ஊர் உறுதியாக நின்றால், மாநில அரசு அளிக்கக்கூடிய அந்தப் பதினைந்து நாட்களில் ஒரு நாளையாவது நாடகத்துக்கென்று ஒதுக்கி, நள்ளிரவு வரை நடத்தலாம்.

இரண்டாவது ஆக்ஷேபணை ஆபாசம் பற்றியது. பபூனும் டான்ஸும் பேசும் பேச்சில் சில இடங்களில் வரம்பு கடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரம்பு கடந்த இடம் எப்போது வளர்ந்தது என்று யோசித்தால், குடும்பப் பெண்களும் பெரியவர்களும் முன்வரிசையைவிட்டு எழுந்து போய், குடித்துவிட்டு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்தபோதுதான் வளர்ந்தது. தாய்மார் உட்கார்ந்திருக்கும் பந்தலில் பபூன் தன் நாவைத் தானே அடக்கிக்கொள்கிறார். அவருக்கு அந்த நாகரிகம் தெரியும். மேலும், அரிதாரம் பூசி மேடையேறும் பெண்ணைச் சமூகத்தில் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதைத் துக்கத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் வள்ளியாக நின்றவரை அம்பாளுக்குச் சமமாகக் கும்பிட்டுவிட்டு, விடிந்ததும் அவர் உடை மாற்ற ஒரு மறைவிடமும், கைகால் கழுவத் தண்ணீரும், பஸ் வரும்வரை உட்கார ஒரு திண்ணையும் தராத ஊர், தன் பக்தியைக் குறித்துத் தானே விசாரிக்க வேண்டும்.

பிற தேசங்களில் இத்தகைய பருவ நாடகங்களை ஜனங்கள் எப்படிப் பேணுகிறார்கள் என்பதையும் பார்ப்போம். ஜெர்மனியில் மலைநாட்டுக் கிராமமான ஓபராம்மர்காவில், 1633-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்டபடி, அடுத்த ஆண்டு தொடங்கி இன்றுவரை ஏசுநாதரின் பாடுகளை நாடகமாக நடத்திவருகிறார்கள். அவ்வூரில் பிறந்தவர்களோ இருபது ஆண்டுகளாவது வாழ்ந்தவர்களோதாம் வேடம் கட்டலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த நாடகம் 2020-இல் கொரோனாவால் தள்ளிப்போனபோதும் கைவிடப்படவில்லை. 2022-இல் நடத்தி முடித்தார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலம் வந்தால் பாட்டியும் பேரனும் சேர்ந்து ‘பான்டோமைம்’ பார்க்கப் போவதும், மேடையிலிருப்பவரோடு கூட்டமே சத்தமிட்டு வாதாடுவதும் வழக்கம். அந்தச் சில வாரங்களின் வசூல்தான் பல சிற்றூர் அரங்குகளை ஆண்டு முழுவதும் காப்பாற்றுகிறது. சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்டுதோறும் கோடை நாடக விழா நடத்தி, புது நாடகங்களுக்கு ஒரு பருவத்தையே உண்டாக்கியிருக்கிறது. நம் வட்டாரத்துக்கோ பருவத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டிய அவசியமே இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை அது தானாகவே இருக்கிறது.

எனவே, அடுத்த திருவிழாவுக்கு முன் ஆக வேண்டிய காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். தேனி மாவட்ட நிர்வாகம் நாடகத்தை ஆடல் பாடல் நிகழ்ச்சியோடு ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து நோக்குவதை நிறுத்தி, அதற்குத் தனி அனுமதி முறையை வகுக்க வேண்டும். போடி, தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்களின் உள்ளாட்சி மன்றங்கள் தம் பொறுப்பில் உள்ள சமுதாயக் கூடங்களை நாடக இரவுகளுக்குச் சொற்ப வாடகையில் திறந்துவிடுவதோடு, கலைஞர்கள் வேடமிடவும் தங்கவும் ஓர் அறையையும் அதில் ஏற்பாடு செய்ய வேண்டும். கமிட்டியார் பொதுத்தேர்வு முடிந்த பின்னான நாளைத் தேர்ந்து, மாசி மாதத்துக்குள் ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் அச்சாரம் அனுப்பி, பேசிய தொகையை விடியற்காலையில் பிடித்தமின்றிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். 2023-இல் போடிக்கு ரயில் திரும்பி வந்துவிட்டபடியால், மதுரையிலிருந்து வரும் கலைஞர்களுக்கு இப்போது ஒரு வழி கூடுதலாகவே இருக்கிறது. வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நாடக நோட்டீஸ் கண்ணில் பட்டால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பாயையும், ஒரு போர்வையையும், உறங்கிவிழும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள், பபூன் உள்ளே போனதும் எழுந்துவிடாமல், வள்ளியின் தர்க்கம் முடியும்வரை இருங்கள்.