ஆறுதல் வேறு, இறத்தல் வேறு!

வெண்குறுமீனை 'இறந்த விண்மீன்' என்றெழுதும் வழக்கம் அறிவியற் கட்டுரைகளில் வேரூன்றிவிட்டது. சொல்லிற் பிழை புகின் பொருளிலும் பிழை புகும். இறந்ததென்றால், அதனுள் இனி ஒன்றும் நிகழாதென்றன்றோ மாணவன் கொள்வான்? உண்மை அதற்கு நேர்மாறானது.

கதிரவனையொத்த விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்து, புறவடுக்குகளை உதிர்த்தபின் எஞ்சும் உள்ளீடே வெண்குறுமீன். பெரும்பாலானவற்றின் நடுவகம் கரியகமும் உயிரகமும் ஆகும். அதன்மேல் எல்லியப் போர்வை. பலவற்றில் அதற்கும்மேல் நீரகத் தோல். 1862-இல் ஆல்வன் கிளார்க்கு கண்ட சிரியசின் துணைமீன், கதிரவனளவு எடையை நிலவுலகின் அளவுக்குள் அடக்கி நிற்கின்றது. அந்நெருக்கத்தைத் தாங்குவது வெப்பமன்று. நெருக்குண்ட மின்னணுக்களின் எதிர்ப்பே என 1926-இல் பவுலர் விளக்கினார். அத்தாங்குதற்கும் ஓர் எல்லையுண்டு. கதிரவன் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கென அதனைக் கணித்துக் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர் ஆவார். ஆதலின், வெப்பம் குன்றினும் வெண்குறுமீன் இடிந்து வீழ்வதில்லை.

அது நீறுபூத்த நெருப்பு. நடுவகத்து அணுக்கருக்களிற் சேர்ந்துள்ள வெப்பத்தை மேற்போர்வை சிறிது சிறிதாகவே கசிய விடுகின்றது. இவ்வாறுதலின் கணக்கை 1952-இல் மெசுடல் வகுத்தார். ஆறுங்கால் நடுவகம் உறைந்து பளிங்காகும் என்றும், நீர் உறையும்போது போலவே உள்வெப்பம் வெளிப்படும் என்றும் 1968-இல் வான் ஓர்ன் காட்டினார். உறையும் பகுதியில் உயிரகம் மிகுந்து, உள்நோக்கி அமிழ்வதாலும் வெப்பம் பிறக்கும். கையா விண்கலம் அளந்த மீன்களிடையே இதன் தடயம் தெரிந்ததென 2019-இல் அறிவித்தனர்.

இதனால் வரும் பயன் என்னை? ஆறிய அளவைக்கொண்டே வானநூலார் வெண்குறுமீன்களின் அகவையையும், அவற்றின்வழி நம் விண்மீன் திரளின் அகவையையும் கணிக்கின்றனர். உறைதல் தரும் வெப்பத்தை விட்டுவிட்டால் முதியதை இளையதென்று பிழைபடக் கணிப்போம். 'இறந்தது' என்னும் சொல் மறைப்பது இவ்வுண்மையையே.

அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. முற்றும் ஆறிக் கருகிய குறுமீன் ஒன்றேனும் உருவாக அக்காலமும் போதவில்லை. இன்னும் ஒளிர்வதை இறந்ததென்பது முறையோ? ஆசிரியப் பெருமக்களே! 'ஆறும் விண்மீன்' என்றே கற்பியுங்கள். சொல் திருந்தின் அறிவும் திருந்தும்.