கோட்டையும் துறையும்

ஒரு துறைமுக நகரைக் காணச் செல்வோர் அங்கே எதனைக் காண வேண்டும்? மதில்களையும் பீரங்கி மேடைகளையும் மட்டுமா? அன்றி, அத்துறையிலே பாரம் ஏற்றியும் இறக்கியும், பாய் விரித்தும், சிறையிருந்தும், உயிர் நீத்தும் அதற்கொரு வரலாற்றை அளித்த மக்களையா? இவ்வினாவை ஊர்காவற்றுறையை முன்னிறுத்தி நாம் எழுப்புகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த தீவகத்தின் பழம்பெருந் துறை அது. ஆயினும் அதன் பெயரால் இன்று வெளியூரார்க்கும் நம் மாணவர்க்கும் காட்டப்படுவது, கடல் நடுவே நிற்கும் கோட்டை ஒன்றே.

பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாகச் செல்லும் தெரு ஊர்காவற்றுறை இறங்குதுறையில் முடிகின்றது. எதிரே காரைநகர். இடைப்பட்ட ஒடுங்கிய கடலைப் பொதுமக்கள் 'பாதை' எனத் தாம் அழைக்கும் மிதவையிற் கடக்கின்றனர். அக்கடலிலே நிற்பதே கடற்கோட்டை. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கட்டியதனை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கைத் தீவின் வடிவம் பன்றித்தொடை இறைச்சியை ஒத்தது என்பது அவர்தம் கற்பனை. ஆதலின் வடமுனையில் உள்ள இக்கோட்டைக்கு, தொடையின் குதிகால் என்னும் பொருள்பட, 'ஹம்மன்ஹீல்' எனப் பெயரிட்டனர். ஒரு நாட்டை உண்பதற்குரிய இறைச்சியாகவே கண்ட கண்கள் இட்ட பெயர் அது! அப்பெயரையே இன்றும் பெருமையுடன் தாங்கி, கோட்டை கடற்படை நடத்தும் உல்லாச விடுதியின் பகுதியாக விளங்குகின்றது. அண்மையிலுள்ள கடற்படைத் தளத்துக்கோ 'எலாரா' என்று பெயர். எல்லாளன் பெயரைத் தளத்துக்குச் சூட்டியோர் எல்லாளனின் மொழி பேசும் மக்களுக்கு அத்துறையின் கதையிலே என்ன இடம் அளித்துள்ளனர்?

துறையின் கதை கோட்டைக்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே உள்ள கல்வெட்டொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கே வந்து இறங்க வேண்டும், அவர்கள் காக்கப்படவும் வேண்டும் என்று அது விதிக்கின்றது. யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கேற்றிய மரக்கலமாயின் சரிபாதி. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே. அரசனுக்கு வேண்டிய படைவிலங்குகளுக்குச் சலுகை மிகுதி என்பதையும், உடைந்த கலத்திலும் அரசு பங்கு கொள்ளத் தவறவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும், சிங்கள மன்னன் ஒருவன் இத்துறையை நோக்கிப் பேசியபோது தமிழிலே பேசினான் என்னும் உண்மை, இன ஒதுக்கலை வரலாறெனப் புகட்டுவோர் அனைவர்க்கும் அக்கல்லே தரும் விடையாகும். கோட்டைக்கு மாணவரை வாகனங்களில் ஏற்றிச்செல்லும் பள்ளிகளுள் எத்தனை இக்கல்வெட்டின் முன் அவர்களை நிறுத்துகின்றன?

அந்நியர் காலத்திலே இத்துறை எதற்குப் பயன்பட்டது? வன்னியிற் பிடிக்கப்பட்டும் வன்னியரிடமிருந்து திறையாகப் பெறப்பட்டும் வந்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் ஓட்டப்பட்டு, விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிலே இந்தியாவுக்குக் கப்பலேறின. 'கயிற்ஸ்' என்னும் பெயரே இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் எச்சம். யானைகளைப் பிடித்தவனும் ஓட்டிவந்தவனும் கலத்தில் ஏற்றியவனும் இந்நாட்டு உழைப்பாளி. இலாபமோ கடல் கடந்தது. அவ்வியாபாரத்தைக் காக்கவே கோட்டை எழுந்தது. மதிலின் கனத்தை வியப்போர் அதன் கணக்கேட்டையும் புரட்ட வேண்டாமா?

பின்னர்க் கோட்டை சிறையாயிற்று. 1971ஆம் ஆண்டு கிளர்ச்சியின்போது பிடிபட்ட மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் இங்கே அடைக்கப்பட்டிருந்தனர். தெற்கின் ஏழைக் குடும்பங்களில் வேலையின்றி வாடிய படித்த இளைஞர்களை வடக்கின் கடல் நடுவே பூட்டிவைத்த அரசு, அப்பூட்டினை வடக்கின் இளைஞர்மேல் திருப்புவதற்கு நெடுநாள் எடுக்கவில்லை. அன்று அடைக்கப்பட்டோரின் கட்சியே இன்று ஆட்சியின் நடுநாயகம். 2024 பொதுத் தேர்தலில் அதன் தலைமையிலான கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றனை வென்றது. அங்ஙனமாயின், தம் தோழர் கிடந்த சிறையைப் படையின் விடுதியாக வைத்திருப்பது ஏன் என்று அவர்களைக் கேட்க நமக்கு இரட்டை உரிமை உண்டு.

இத்தீவகக் கடலிலே மற்றொரு நாளும் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து பயணிகளுடன் வந்த 'குமுதினி' படகு மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். செய்தவர் கடற்படையினரே என்பது உயிர் தப்பியோர் வாக்குமூலம். அக்கடற்படையே இன்று இக்கடலின் காவலன். கோட்டையின் விருந்தோம்பியும் அதுவே. வந்தவர்க்கு வரலாறு சொல்லும் வழிகாட்டியும் அதுவே! குற்றஞ்சாட்டப்பட்டவனே சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமர்ந்து விருந்தும் பரிமாறுவானாயின், அவ்விருந்தின் சுவை எத்தகையது?

கடற்படை நகரங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியின் கீல் நகரம் அந்நாட்டுப் போர்க்கப்பல்களின் பெருந்தளம். 1918 ஒக்டோபர் இறுதியில், தோற்றுவிட்ட போரிலே இறுதியாக ஒருமுறை சாவதற்கு மாலுமிகள் மறுத்தனர். நவம்பர் 3இல் கீல் வீதியிலே ஊர்வலம் சென்றோர் சுடப்பட்டனர். மறுநாள் நகரம் மாலுமிகள், தொழிலாளர் வசமாயிற்று. 9ஆம் நாள் மன்னன் முடியிழந்தான். அக்கிளர்ச்சிக்கு 1982 முதல் அந்நகரிலே நினைவுச்சின்னம் உண்டு. அருகே லபோவில் தம் கடற்படை வீரர்க்கென 1936இல் திறந்த நினைவுக் கோபுரத்தையே பின்னாளில் எல்லா நாடுகளிலும் கடலில் மாண்டோர்க்கும் உரியதாக்கினர். அந்நாடு குற்றமற்றதன்று, அதன் குற்றங்களை உலகறியும். ஆயினும் கட்டளையை மறுத்தவனையும் எதிரணியில் மாண்டவனையும் நினைவிற் கொள்ளக் கடற்படை நகரம் ஒன்றால் இயலும் என்பது அங்கே கண்கூடு.

"சுற்றுலா வளர்ந்தால் தீவகம் பிழைக்குமே, பழம்புண்ணைக் கிளறுவானேன்?" என்பார் உளர். எவர் பிழைப்பர் என்பதே நம் வினா. 1990, 1991 போர்நடவடிக்கைகளின்போது வெளியேறியோரின் வீடுகள் பல கூரையின்றி நிற்கின்றன. தீவகத்தில் நன்னீர் அரிது. 1658இலே கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் குடிநீரின்றியே சரணடைந்தனர் என்பர். குடிநீருக்காகக் காத்திருக்கும் தீவக மக்களோ இன்னும் முற்றுகையிலே இருக்கின்றனர். இழுவைமடிப் படகுகள் வலையை அறுக்க, கடன் கழுத்தை நெரிக்க, கரையில் வெறுங்கையுடன் நிற்கும் தொழிலாளிக்கு அவ்விடுதியின் வருவாயில் பங்கென்ன? பழம்புண் என்பது ஆறிய புண்ணுக்கே பொருந்தும்.

ஆகவே நாம் வேண்டுவன தெளிவானவை. கடற்கோட்டை படையின் கையிலிருந்து மக்களாட்சி நிறுவனங்களின் பொறுப்புக்கு வரட்டும். அங்கே அடைபட்டோரின் வரலாறு, அவர் எம்மொழியினராயினும், மும்மொழியிலும் பொறிக்கப்படட்டும். நயினாதீவுக் கல்வெட்டின் படியொன்று ஊர்காவற்றுறை இறங்குதுறையிலே நிறுத்தப்படட்டும். குமுதினியின் மாண்டோர்க்கு நீதி விசாரணை நடக்கட்டும். படை வசமுள்ள நிலம் உரியவர்க்கு மீளட்டும்.

இவை நிறைவேறும்வரை ஆசிரியர்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. அடுத்த கல்விச் சுற்றுலாவில் மாணவர் பாதையிலேறித் துறையைக் கடக்கட்டும். கயிறு பிடிப்பவனிடமும் கரையில் வலை பொத்துபவனிடமும் கேட்டறியட்டும். கோட்டையைக் கட்டியவன் யார் என்று பாடநூல் கூறும். கல் சுமந்தவன் யார் என்னும் வினா அவர்கள் வாயிலிருந்தே எழட்டும்.