தொழில் அறிவோம்: மயிரிழை விரிசல்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் தொழிற்சாலையை நம்பி ஊர் விட்டு வந்தவை பல. ஆயினும் சோதனைப் பிரிவில் இருப்பவருக்கு என்ன வேலை என்று வீட்டாருக்கே விளங்குவதில்லை.

முற்காலத்து ரயில்வே பட்டறைகளில் அச்சுகளை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சீமைச்சுண்ணாம்பு பூசினர். விரிசலுள் புகுந்த எண்ணெய் கசிந்து வெண்மையில் கறையாகத் தோன்றும். இன்று எண்ணெய்க்குப் பதிலாகச் செஞ்சாயம், தத்துவம் அதுவே. இரும்பாயின் காந்தமேற்றி, இரும்புத்தூள் தூவியும் காணலாம். அலுமினியத்துக்கு அம்முறை உதவாது. இவற்றால் பொருளுக்குச் சேதமில்லை.

ஆனால் அழுக்கு இருப்பின் சாயம் நுழையாது. மிகையாகத் துடைத்தால் உள்ளிருப்பதும் போய்விடும். கண் சோர்ந்தாலோ, தோன்றிய கோடும் தப்பிவிடும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு விமானம் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சினின் டைட்டானிய வட்டிலிருந்த விரிசல், முன்னர் நடந்த சாயச் சோதனையில் கண்ணுக்குத் தப்பியதென விசாரணையில் வெளிப்பட்டது.

"பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலையா?" என்று இனி நாம் கேளாதிருப்போம். இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்குபவரை எழுப்பாதிருப்போம். அவர் கண்களை நம்பி, முகமறியாதார் பலர் பயணம் செய்கின்றனர்.