பேராசிரியர் பதவிக்கு அளவுகோல் எது?

இந்தியாவின் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவியுயர்வுப் பிணக்குகள் நீதிமன்றப் படியேறுவது புதிய விடயமல்ல. மாநில அரசுகளின் சேவை விதிகள் ஒருபுறமும், மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பின் தகைமை விதிகள் மறுபுறமுமாக இழுபடுவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இந்திய மருத்துவக் கவுன்ஸிலின் 1998 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தகைமைகளை வகுத்தன. 2020 செப்டெம்பரில் கவுன்ஸிலின் இடத்தைப் பெற்ற தேசிய மருத்துவ ஆணைக்குழு, 2022 இலும் 2025 இலும் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் வெளியான விதிகளின்படி, 220 கட்டில்களுக்குக் குறையாத அரசாங்க வைத்தியசாலையில் பத்தாண்டுகள் பணியாற்றிய, பட்டப்பின்படிப்பு முடித்த வைத்திய நிபுணர், கற்பித்தல் பதவி எதனையும் வகிக்காமலேயே இணைப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி பெறுகிறார்.

உதவிப் பேராசிரியராக ஆண்டுக்கணக்கில் கற்பித்து, ஆய்வுக் கட்டுரைகளும் எழுதிக் காத்திருப்பவரின் மனக்குமுறலில் நியாயமுண்டு. அதேவேளை, நோயாளர் மத்தியில் பத்தாண்டுகளைக் கழித்தவரின் அனுபவத்தையும் நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

பதவியுயர்வு உரிமையல்ல, அதற்காகப் பரிசீலிக்கப்படுவதே உரிமை என்பது இந்திய உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியுள்ள கோட்பாடாகும். வெற்றிடம் ஏற்பட்ட காலத்து விதியே பொருந்தும் என 1983 இல் ரங்கையா வழக்கில் கூறிய அந்நீதிமன்றம், 2022 இல் ராஜ்குமார் வழக்கில் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டது. பரிசீலனை நடைபெறும் வேளையில் நடைமுறையிலுள்ள விதியே செல்லும் என்றது. இவை வேறு துறை ஊழியர்களின் வழக்குகளாயினும், மருத்துவ ஆசிரியர்களையும் தொடுபவை. நிர்வாகம் பரிசீலனையைத் தாமதப்படுத்தி, இடையில் விதியும் மாறிவிட்டால், இழப்பு ஊழியருக்கே என்பதுதான் இதன் பொருள்.

பாதிப்பு அவர்களோடு நின்றுவிடுவதுமில்லை. ஒரு துறையில் எத்தனை பட்டப்பின்படிப்பு மாணவர்களைச் சேர்க்கலாம் என்பது அங்குள்ள பேராசிரியர், இணைப் பேராசிரியர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பதவியுயர்வு முடங்கினால் நாளைய நிபுணர்களின் எண்ணிக்கையும் குறையும். இறுதியில் அதன் சுமையைத் தாங்குபவர் ஏழை நோயாளியே.

விதிகள் காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும். ஆனால், ஏற்கெனவே சேவையில் உள்ளோருக்கு நியாயமான இடைக்கால ஏற்பாடு வேண்டும். ஆண்டுதோறும் பரிசீலனையும் உரிய வேளையில் நடைபெற வேண்டும். இவ்விரண்டும் உறுதிசெய்யப்பட்டால், வகுப்பறையில் நிற்கவேண்டிய ஆசிரியர் வழக்குக் கட்டுகளுடன் நீதிமன்ற வாயிலில் நிற்கும் நிலை பெருமளவு தவிர்க்கப்படும் என்பதே நமது கருத்தாகும்.